எண் போடாமல் பிரித்த வீடு

முட்டுக்காட்டுத் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீட்டைச் சுற்றிக் காட்டிய பெண் பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இந்த வீடு இங்கே புதிதாகக் கட்டியதல்ல, பெயர்த்துக் கொண்டுவந்தது. தூண், உத்தரம், நிலை, கதவு என்று ஒவ்வொன்றாகக் குறித்து, வரைபடம் போட்டுப் பிரித்து, இங்கே கொண்டுவந்து மறுபடியும் பொருத்தியிருக்கிறார்கள். எந்தத் தூண் எந்த மூலைக்கு என்று பிறகு தெரிய வேண்டுமே, அதற்காக எண் போட்டுக்கொள்வார்கள் என்றாள். தூணைத் தடவிக்கொண்டிருந்த அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நம்ம வூட்டைப் பிரிக்கறப்ப யாரும் நம்பர் போடலியே?"

போடவில்லை. புதுச்சேரியில் பாகூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இருந்த அந்த வீட்டை எட்டுப் பேர் நான்கே நாளில் பிரித்துப் போட்டார்கள். 2011 டிசம்பர் 30ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியபோது பின்கட்டின் கூரை பறந்துபோனது. முன்கட்டு ஓடுகள் பாதிக்குமேல் சரிந்தன. ஒன்றரை ஆண்டு தார்ப்பாய் போட்டு ஓட்டிப் பார்த்தோம். அப்பாவும் போன பிறகு யாருக்கும் மனம் இல்லை. பழைய மரச்சாமான் வியாபாரி வந்து தேக்குக் கதவையும் நிலையையும் தனியாகவும், உத்தரத்தைக் கன அடிக் கணக்கிலும், நாட்டு ஓட்டை ஆயிரத்துக்கு இவ்வளவு என்றும் விலை பேசி எடுத்துப் போனார். மண்சுவரை என்ன செய்வது? கொல்லையில் இருந்த கேணியில் தள்ளித் தூர்த்தோம். வீட்டின் சுவர் வீட்டின் கேணிக்குள்ளேயே போனது.

தட்சிணசித்ரா 1996 டிசம்பர் 14 அன்று திறக்கப்பட்டது. அன்றைக்கு எங்கள் வீடு நன்றாகவே நின்றுகொண்டிருந்தது. டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், பத்து ஏக்கர் நிலத்தில், லாரி பேக்கரின் திட்டப்படி, தென்னிந்தியாவின் நான்கு மூலைகளிலிருந்தும் பதினெட்டு பழைய வீடுகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. உலகத்தில் இப்படி ஒரு ஏற்பாடு புதிதல்ல. ஸ்வீடனில் ஆலைகள் பெருகிக் கிராமங்கள் காலியாகத் தொடங்கிய நாளில், 1891இல், ஆர்த்தூர் ஹசேலியுஸ் என்பவர் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். போகப்போகிறது என்று தெரிந்தவுடன் எடுத்துவைக்கும் அந்த வேகம் அங்கே இருந்தது. நமக்கு நூறாண்டு கழித்து வந்தது. வந்ததே பெரிது.

அம்மா 1961இல் மருமகளாக அந்த வீட்டுக்கு வந்தாள். வில்லியனூர்க் கொம்யூனில் உள்ள கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, பிரெஞ்சு ஆட்சியை விட்டு இந்தியாவோடு சேரலாம் என்று 170 பேர் வாக்களித்து ஏழு ஆண்டுதான் ஆகியிருந்தது. சட்டப்படியான இணைப்புக்கு, அதாவது 1962 ஆகஸ்ட் 16க்கு, இன்னும் ஓர் ஆண்டு இருந்தது. அந்த 1961 கணக்கெடுப்பில் காரைக்கால், மாகே, ஏனாம் எல்லாம் சேர்த்துப் புதுச்சேரியின் மக்கள்தொகை மூன்று லட்சத்து அறுபத்தொன்பதாயிரம். 2011இல் பன்னிரண்டு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம். ஐம்பது ஆண்டில் மூன்று மடங்குக்கும் மேல். அதில் 68 விழுக்காட்டினர் நகரத்தில் இருப்பதாகக் கணக்கு. பாகூரும் வில்லியனூரும் அந்த நகரத்துக்கும் வயலுக்கும் நடுவில் நிற்கின்றன. ஒரு பக்கம் நாற்று, மறுபக்கம் மனைப்பிரிவின் வரவேற்பு வளைவு.

தட்சிணசித்ராவின் விவசாயி வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா நேராக உரலிடம் போனாள். உட்கார்ந்து குழிக்குள் கையை விட்டாள். உள்ளே விரலால் சுற்றி வழித்து, "இது வேலை பாத்த ஒரலுதான்" என்றாள். புது உரலின் குழியில் உளி கொத்திய புள்ளிகள் இருக்கும். பல ஆண்டு குத்திய உரலின் குழி குழந்தையின் கன்னம் மாதிரி வழவழப்பாகிவிடும். அதற்குப் பிறகு தரையைப் பார்த்தாள். "சாணி மொழுவி நாளாச்சு போலருக்கு."

அறுபதுகளில் எங்கள் வீட்டில் நெல் வீட்டுக்குள் வந்தது. இன்று அப்படிச் சொன்னால் அதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் மாற்றம் முழுவதும் அந்த ஒரு சொற்றொடருக்குள் இருக்கிறது. களத்தில் அடித்துத் தூற்றிய நெல் மரக்காலால் அளந்து மூட்டையாகி வண்டியில் வரும். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கூடத்தின் மூலையில் குதிர் இருந்தது. களிமண்ணோடு வைக்கோலைப் பிசைந்து உறை உறையாகச் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்கைச் சாணியால் பூசிய மண்குதிர். ஏறத்தாழ இருபது கலம் கொள்ளும். மேலே கொட்டி அடியில் எடுக்க வேண்டும். அடியில் இருக்கும் துளையை வைக்கோல் பிரி வைத்து அடைத்திருப்பார்கள். அதைப் பிடுங்கினால் நெல் சரசரவென்று கூடைக்குள் இறங்கும். அந்த ஓசை மாறுவதைக் கேட்டே உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று ஆயா சொல்லிவிடுவாள்.

எடுத்த நெல்லை ஊறவைத்து, அவித்து, பாயில் காயவைத்து, உரலில் குத்தவேண்டும். ஒரு மரக்கால் நெல்லை இரண்டு பெண்கள் மாற்றி மாற்றிக் குத்தி, புடைத்து, மறுபடியும் குத்தித் தீட்ட ஒரு மணி நேரம் ஆகும் என்பாள் அம்மா. விடியும் முன் இந்த வேலை முடிய வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் மாதம் உள்ளங்கை கொப்பளித்து, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டதாகச் சொல்லியிருக்கிறாள். அருங்காட்சியகத்தில் எங்களுக்குப் பின்னால் வந்த கல்லூரி மாணவிகள் உலக்கையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அம்மா சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. குத்துனவளக் கேளு" என்றாள். பாகூரில் அரிசி ஆலை வந்த நாளை அவள் இன்றும் தீபாவளி போலத்தான் சொல்கிறாள்.

இன்று நெல் வீட்டுக்கு வருவதில்லை. அறுவடை இயந்திரம் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு வருகிறது. ஒரு காணியை எங்கள் ஊரில் பத்துப் பதினைந்து பேர் ஒரு நாள் அறுத்தார்கள்; இயந்திரம் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறது. ஈரம் காயுமுன்னே வயல்வரப்பிலேயே மூட்டை கட்டி, எடை போட்டு, வியாபாரியின் லாரியில் ஏறிவிடுகிறது. பணம் வங்கிக்குப் போகிறது. சோற்றுக்கு அரிசி கடையிலிருந்து 26 கிலோ மூட்டையாக வருகிறது. ஏன் 26? 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. மூட்டைகள் ஒரு கிலோ கூடிக்கொண்டன. அன்றைய வீட்டின் அளவு மரக்கால் என்றால் இன்றைய வீட்டின் அளவு இந்த 26 கிலோ. நெல் விளைவிக்கும் குடும்பமே தன் அரிசியைப் பெயர் தெரியாத ஊரிலிருந்து வாங்கிச் சாப்பிடுகிறது. குதிர் உடைந்ததற்குப் புயலும் காரணமில்லை, மருமகள்களும் காரணமில்லை. அதற்கு வேலை போய்விட்டது, அவ்வளவுதான்.

கூரை போனதற்கும் இப்படி வயலில்தான் காரணம் இருக்கிறது. பழைய சம்பா நெல் இடுப்புக்கு மேலே நிற்கும். அறுத்தால் நீள வைக்கோல். மாட்டுக்குத் தீனியும் கூரைக்கு மேய்ச்சலும் அதிலிருந்தே கிடைத்தன. 1966இல் ஐ.ஆர்.8 வந்து குட்டை நெல்லின் காலம் தொடங்கியது. தழைந்து சாயாமல் நின்று உரத்தைத் தின்று விளைந்தது. புதுச்சேரியிலேயே பாரதிதாசன் என்று பாவேந்தர் பெயரில் ஒரு நெல் ரகம் வெளியானது. விளைச்சல் கூடியதை எங்கள் ஊரில் யாரும் மறுக்கமாட்டார்கள். ஆடி மாதத்தில் கடன் நெல் வாங்க மேலத் தெருவுக்குக் கூடையோடு போன வழக்கம் எங்கள் வீட்டில் அந்த நெல்லோடுதான் முடிந்தது. ஆனால் அந்த வைக்கோல் குட்டை. இயந்திரம் அதை மேலும் நசுக்கிப் போட்டது. மாடு குறைந்தது. மாடு குறைந்ததால் சாணம் குறைந்தது. சாணம் இல்லாத தரைக்குச் சிமெண்ட் வந்தது. யாரும் திட்டமிட்டுப் பழைய வீட்டை ஒழிக்கவில்லை. ஒரு நெல்லின் உயரம் ஒரு முழம் குறைந்ததில் ஒன்றைப் பிடித்து ஒன்றாக எல்லாம் கழன்று வந்தது.

கூரைக்கு ஏங்குபவர்கள் மார்கழிப் பனியையும் சித்திரை மாதத் தீயையும் மறந்துவிடுகிறார்கள். என் சிறுவயதில் ஒரு கோடையில் எங்கள் கீழத் தெருவில் ஒரு அடுப்புப்பொறி பதினொரு குடிசைகளைக் கொண்டுபோனது. பெருந்தலைவர் காமராஜர் கல்வீடு கட்டும் திட்டத்தில் அரசு தந்த பணம் குடிசைகளைக் கல்வீடாக மாற்றியது. தானே புயலுக்குப் பிறகு மிச்சமிருந்த குடிசைகளும் மாறத் தொடங்கின. கல்வீட்டில் வெயில் நேரத்தில் உள்ளே இருக்க முடியாது என்பது உண்மை. தீப்பிடிக்காது என்பதும் உண்மை. குழந்தை உள்ளே தூங்க, தாய் வேலைக்குப் போகலாம்.

தட்சிணசித்ராவில் அக்ரஹாரத்து வீடு இருக்கிறது. அது திருநெல்வேலிப் பக்கத்து ஆம்பூரிலிருந்து வந்தது. வணிகர் வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு எல்லாம் இருக்கின்றன. பெயர்த்துக் கொண்டுவர வேண்டுமானால் வீட்டில் மரமும் ஓடும் செங்கல்லும் இருக்க வேண்டும். மண்ணையும் கீற்றையும் மட்டுமே வைத்து வாழ்ந்தவர்களின் வீட்டைப் பெயர்க்க முடியாது. கையில் எடுத்தால் உதிர்ந்துவிடும். எங்கள் ஊர்ச் சேரியில் இருந்தவை அப்படிப்பட்ட வீடுகள். எங்கள் நிலத்தில் நாற்று நட்டவரும் அறுத்தவரும் அவர்கள். கூலி வாங்க அவர்கள் எங்கள் வீட்டுக் கொல்லை வாசலுக்குத்தான் வருவார்கள். திண்ணைக்கு வந்து நான் பார்த்ததில்லை. இதை நான் மறைத்துவிட்டுத் திண்ணையின் குளிர்ச்சியைப் பற்றி மட்டும் எழுதினால் பொய் எழுதியவன் ஆவேன். எங்களோடு கொல்லைப்புறத்தில் நின்று கோலி விளையாடிய ஒருவன் இன்று அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியராகி ஓய்வு பெற்றிருக்கிறான். அவன் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்குப் போய் முன்னறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த நாள் அன்றைக்கு இருந்ததை விட நல்ல நாள்.

தொண்டை நாட்டுப் பழைய நிலக்கணக்குகளில் 'சுதந்திரம்' என்று ஒரு சொல் வரும். விடுதலை என்ற பொருளில் அல்ல. களத்தில் நெல்லை அளக்குமுன் தச்சருக்கு, கொல்லருக்கு, குயவருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, தோட்டிக்கு என்று எடுத்துவைக்கும் பங்குக்குத்தான் அந்தப் பெயர். எங்கள் ஊரில் அதைக் களத்துமேட்டு நெல் என்பார்கள். வருடம் முழுக்கக் குயவர் சட்டி பானை கொடுப்பார். களத்தில் நெல் வாங்கிக்கொள்வார். பானை ஒன்றுக்கு என்ன விலை என்று யாருக்கும் தெரியாது. விளைந்தால் உண்டு, விளையாவிட்டால் அவருக்கும் பட்டினி. பிறப்பால் வந்த தொழிலை விட்டு அவர் போகவும் முடியாது.

வில்லியனூரை அடுத்த பிள்ளையார்குப்பத்தில் இன்றும் சக்கரம் சுற்றுகிறது. சுற்றும் காரணம் மாறிவிட்டது. அன்று சோற்றுப் பானை, மோர்ச்சட்டி, தண்ணீர்ப் பானை, ஐயனார் கோயில் குதிரை. எவர்சில்வர் வந்தபோது முதல் மூன்றும் போயின. இன்று அதே மண்ணில் விளக்கும் சிற்பமும் சுவர்ப்பலகையும் வருகின்றன. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த வேலைப்பாட்டின் கைவினைஞர் முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். களத்தில் கடைசி ஆளாக நின்று முறத்தில் நெல் வாங்கிய தொழிலுக்குக் குடியரசுத் தலைவர் மாளிகையில் விருது. எங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளையார்குப்பத்து யானை இருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே. பானை ஒன்றுகூட இல்லை. குயவருக்கு மரியாதை உயர்ந்த காலத்தில் அவர் செய்தது எங்கள் அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வந்துவிட்டது.

மாறாதது ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் வில்லியனூர்த் தேர். திருக்காமீசுவரர் கோயில் தேரைப் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்து இழுப்பது அன்று வழக்கம். இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். சப்பாத்தும் தொப்பியும் போய் வேட்டி வந்தது. வடம் அப்படியே இருக்கிறது.

அருங்காட்சியகத்தால் கொண்டுவர முடியாதது என்று எனக்குப் பட்டது தண்ணீர். வீட்டைப் பெயர்க்கலாம், ஏற்றத்தைப் பெயர்க்கலாம். ஏரியையும் அதன் முறையையும் பெயர்க்க முடியாது. பாகூர் ஏரி, ஊசுட்டேரிக்கு அடுத்தபடி புதுச்சேரியின் பெரிய ஏரி. தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வரும். இந்த ஏரியின் கீழ் வாழ்ந்த ஊர் மிகப் பழையது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், அன்று வாகூர் எனப்பட்ட பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகத் தந்ததைச் சொல்லும் செப்பேடு 1879இல் கிடைத்து, பாரிஸ் நகரத்துத் தேசிய நூலகத்துக்குப் போய்விட்டது. எங்கள் ஊர்ப் பொருள் காட்சிக்குப் போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் நிலக்காரர்களே சேர்ந்த 'சேந்திக்கா அக்ரிக்கோல்' என்ற விவசாயச் சங்கங்கள் ஏரிகளையும் வாய்க்கால்களையும் கவனித்தன. நிலத்துக்கு ஏற்றபடி பணம் கட்டினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், மதகைப் பழுது பார்த்தார்கள். மதகு திறந்தால் யாருக்கு எத்தனை நாழிகை என்று முறை உண்டு. எங்கள் முறை பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல் வரும். அப்பா அரிக்கன் விளக்கும் மண்வெட்டியுமாகப் போவார். நான் கூடப் போவேன். வரப்பில் உட்கார்ந்தால் மடை உடைக்கும் சத்தம் தூரத்தில் கேட்கும். எந்த வயலுக்கு மடை மாறுகிறது என்று அப்பா சத்தத்தை வைத்தே சொல்வார். இந்த முறையில் சண்டையும் உண்டு. மண்வெட்டிக் காம்பால் அடிபட்டுப் பெரியப்பாவுக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. அடித்தவர் பக்கத்து வயல்காரர். அடுத்த சித்திரையில் இருவரும் ஒன்றாக நின்று அதே வாய்க்காலில் தூர் எடுத்தார்கள். எடுக்காவிட்டால் இருவருக்கும் தண்ணீர் இல்லை.

நிலத்தடி நீரும் இந்த மண்ணில் தாராளமாக இருந்தது. 1870களின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் துளைத்த கிணறுகளில் தண்ணீர் தானாகவே பொங்கி வந்தது. எங்கள் தாத்தா கவலை இறைத்த கிணற்றில் தைமாதம் எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். இரண்டு மாடு பின்னுக்குப் போய் முன்னுக்கு வந்தால் ஒரு பறி தண்ணீர். விடியற்காலையிலிருந்து வெயில் ஏறும் வரை இறைத்தாலும் இருபது குழி நனைவதே பெரிய பாடு. இன்று ஆழ்துளைக் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டார். வீட்டில் இருந்தபடியே கைப்பேசியில் பொத்தானை அழுத்துகிறான் என் தம்பி மகன். நள்ளிரவில் எழவேண்டாம், பாம்பு பயம் இல்லை, பக்கத்து வயல்காரன் தயவு வேண்டாம். மூன்றாம் போகம்கூட எடுக்கலாம். அவன் ஒரு நாளும் ஏரிக்கரைப் பக்கம் போனதில்லை. போகத் தேவை இல்லை. தண்ணீர் ஊருக்குப் பொதுவாக இருந்தபோது அதற்காக அடித்துக்கொண்டார்கள், அதற்காகவே கூடினார்கள். ஆளுக்கொரு துளை வந்தபின் இரண்டும் நின்றது. கீழே நீர்மட்டம் இறங்க இறங்க, கடலை ஒட்டிய கிராமங்களில் கிணற்று நீர் கரிக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999 முதல் 2008 வரை புதுச்சேரியின் 84 ஏரிகளையும் சீரமைக்கும் திட்டம் நடந்தது. கரை உயர்ந்தது, மதகு புதிதானது, பயன்படுத்துவோர் சங்கங்களை மீண்டும் அமைத்தார்கள். நல்ல வேலை. சங்கத்துக்குக் கூட்டம் போட்டால் வருவதற்குத்தான் ஆள் குறைவு. அவரவர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

ஏரியும் ஆறும் தங்களை நினைவூட்டிய நாளும் வந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்து வந்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த வெள்ளம் பெண்ணையாற்றில் கரைபுரண்டு பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புகுந்தது. பழைய தெருக்களில் தண்ணீர் வாசற்படியோடு நின்றது. வாய்க்கால் தடத்தில் போட்ட புதிய மனைப்பிரிவுகளில் ஜன்னல் வரை ஏறியது. எந்த நிலம் மேடு, எது பள்ளம், எது தண்ணீரின் வழி என்பது நத்தம் அமைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. மனை விற்கும் வரைபடத்தில் எல்லாமே சமமான கட்டங்கள்.

புதுச்சேரியில் நிலத்தை இன்றும் குழியில் சொல்வார்கள். ஒரு குழி 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி. எங்கள் வீடும் தோட்டமும் மாட்டுக்கொட்டகையும் கேணியும் சேர்த்துப் பன்னிரண்டு குழி. அதில் எங்கள் தாத்தா, ஆயா, மூன்று மகன்கள், மருமகள்கள், பதினொரு பிள்ளைகள், ஆறு மாடு எல்லாம் இருந்தோம். விற்றபோது அதைச் சதுர அடியாக்கினார்கள்: 6,912. ஆயிரத்து இருநூறு சதுர அடி மனைகள் ஐந்து; மீதி 912 பாதைக்கு. ஒரு மனை ஏறக்குறைய இரண்டு குழி. ஒரு கணவன், மனைவி, ஒரு பிள்ளை, ஒரு கார். ஒவ்வொருவருக்கும் தனி அறை, கதவுக்குத் தாழ்ப்பாள். அம்மா தன் கல்யாண வாழ்க்கையின் முதல் இருபது ஆண்டில் ஒரு அறையின் தாழ்ப்பாளைத் தான் போட்டதில்லை என்று ஒருமுறை சொன்னாள். குறையாகச் சொன்னாளா என்று தெரியவில்லை.

முட்டுக்காட்டிலிருந்து திரும்பிய மறுவாரம் அந்த மனையைப் பார்க்க வேண்டும் என்றாள். ஐந்தில் நான்கு மனைகளில் வீடு எழும்பிவிட்டது. கடைசி மனையில் அன்றுதான் கயிறு கட்டி அஸ்திவாரத்துக்குக் குறி வைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். திண்ணை எங்கே, கூடம் எங்கே என்று எனக்கே பிடிபடவில்லை. தெருவிளக்குக் கம்பத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் எதையும் பார்க்கவில்லை. நேராக நடந்து, கொஞ்சம் வலப்பக்கம் திரும்பி, வடகிழக்கு மூலைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"தம்பி, இங்க தூணு போடப் போறியா?"

மேஸ்திரி வந்து பார்த்தார். ஆமாம், மூலைத் தூண் அங்கேதான் வருகிறது என்றார்.

"இங்க கெணறு இருந்துச்சுப்பா. வூட்டுச் செவுத்த இடிச்சு உள்ள தள்ளித் தூத்துட்டோம். மேல மண்ணு கெட்டியாத்தான் தெரியும், உள்ள பொலபொலன்னு இருக்கும். தூணு எறங்கிடும்."

மேஸ்திரி கடப்பாரையை வாங்கி அந்த இடத்தில் இறக்கிப் பார்த்தார். முதல் அடி நின்றது. இரண்டாவது அடியில் பாதிக் கடப்பாரை தானாக இறங்கியது. அவர் அம்மாவைப் பார்த்த பார்வை மாறியது.

"எம்மாம் அகலம் இருக்கும் ஆயா?"

அம்மா செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலால் தரையைத் தேய்த்துத் தேய்த்து, நான்கு அடி வைத்தாள்; நின்றாள்; திரும்பி இந்தப் பக்கம் நான்கு அடி வைத்தாள். "துணி தொவைக்கற கல்லு இங்க இருந்துச்சு. அதுலருந்து இவ்ளோதான்" என்றாள். மேஸ்திரியின் ஆள் சுண்ணாம்புத் தூள் சட்டியை எடுத்துவந்து, அவள் கால் வைத்த இடங்களைச் சேர்த்துத் தரையில் வெள்ளையாக ஒரு வட்டம் போட்டான்.